ஒலிவக் கிரீடம் யாருக்கு

ஆகஸ்ட் 8, 1996, வியாழன்
விடாத மழை. பார்மசிஸ்ட் பதிவுப் பரீட்சை பாஸ்! கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். மனுரேவா வேர்ஹவுஸ் வேலைக்கு இனி முழுக்கு. றெஜினா என் கையைப் பிடித்து, "இனியாவது நிம்மதியா நித்திரை கொள்ளுங்கோ" என்றாள்.
ஞாயிறு சேர்ச்சில் எழும்பிச் சாட்சி சொல்ல வேண்டும். நன்றி சொல்ல: கர்த்தர். பாஸ்டர். டொராண்டோ அண்ணா (புத்தகங்கள்). பக்கத்து வீட்டுக்காரர் (கல்குலேட்டர்).

ஆக. 11, ஞாயிறு
சாட்சி அமோகம். கைதட்டல். பிறகு தேநீர் நேரத்தில் ஒரு அன்ரி, "தம்பி, மனிசிய மறந்திட்டீர்." நான் சிரித்தேன். "வீட்டுக்காரிக்கு ஆராவது மேடையில நன்றி சொல்லுவினமோ?"
றெஜினா ரோல்ஸ் தட்டோடு பின்னால் நின்றிருக்கிறாள். வரும்போது ரோட்டையே பார்த்துக் காரை ஓட்டினாள். கேட்டால், "தலையிடி."

ஆக. 12, திங்கள்
மகளுக்குப் பள்ளி புரொஜெக்ட்: பழைய கிரேக்கத் தேர்ப்பந்தயம். நான்கு குதிரை, பன்னிரண்டு சுற்று. திருப்பத்துத் தூணில்தான் ஆபத்தாம். நான் தேரோட்டிக்கு ஒலிவ இலைக் கிரீடம் வரைந்தேன். ஷாமினி ரப்பரால் அழித்தாள்.
"நோ டாட், த ஓனர் கெட்ஸ் இட். குதிரைச் சொந்தக்காரர் வரவே தேவையில்ல."
"அப்ப ஓட்டினவனுக்கு?"
"நொட் மச்."
சிங்க்கில் பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு தொடங்கியது.
எனக்குக் கார் லைசன்ஸ் இல்லை. டெஸ்ட் இரண்டு தரம் ஃபெயில். மூன்று வருடம் என் எல்லா வகுப்புக்கும் றெஜினாதான் கார் ஓட்டினாள். முடியும்வரை காருக்குள் குளிரில் இருந்தாள். ஞாயிறு அது ஏன் என் வாயில் வரவில்லை? வெட்கமாக இருக்கிறது. சொல்ல வேண்டும். இன்று சொல்லவில்லை.

ஆக. 14, புதன்
வாங்க: பால், பாண், த்ரீ கிங்ஸ் கடையில் றெஜினாவுக்குப் பூ. காருக்குள் வைத்துச் சொல்வதாகத் திட்டம்.
மழை. அவள் வீட்டிலிருந்து வருமுன் பூட்டாத காரில் ஏறிக் குடை தேடினேன். முன் பெட்டிக்குள் ஒரு கடிதம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. அவள் பெயருக்கு. மன்னாரில் ஆறு வருடம் படிப்பித்தவள். நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்: போன நவம்பர், வெள்ளி, காலை பத்து.
அந்த வெள்ளி எனக்கு மாதிரிப் பரீட்சை. "இண்டைக்கு மட்டும் பஸ்ஸில போவியளோ?" என்று கேட்டாள். "இந்த மழையிலயோ?" என்றேன். ஏன் என்று நான் கேட்கவில்லை. என்னைக் கொண்டுபோய் விட்டு, முடியும்வரை காரில் இருந்தாள்.
றெஜினா கார்த் திறப்போடு வந்து தன் பக்கக் கதவைத் திறந்தாள்.
"என்ன தேடுறியள்?"
குடை என்றேன்.