பதினொன்றாவது ஆள்

உப்பு ஜாடியை என் மனைவி புடவை அலமாரிக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். எனக்கு ரத்த அழுத்தமாம். இன்று மத்தியானம் எதிர்வீட்டு வம்பு கேட்க அவள் போன நேரம் பார்த்து, ஒரு கல் உப்பைத் திருடி நாக்கில் வைத்தேன். உடனே நீ வந்து நின்றாய், பதினொன்னு.

எண்பதுகளின் தொடக்கத்தில் நம் பள்ளியில் நடந்த கண்காட்சியில்தான் உனக்கு அந்தப் பெயர் வந்தது. உப்பு உண்டாகும் விதத்தை ஆட்களை வைத்தே காட்டலாம் என்று வேதியியல் சாருக்குத் தோன்றிவிட்டது. மைதானத்தில் சுண்ணாம்பு வட்டங்கள். இந்தப் பக்கம் சோடியம், அந்தப் பக்கம் குளோரின். எலெக்ட்ரானாக ஓட மூச்சில்லாத குண்டன் என்பதால் நான் சோடியத்தின் அணுக்கரு. சும்மா நின்றால் போதும். மார்பில் தொங்கிய அட்டையில் பதினொரு கூட்டல் குறிகள். என்னைச் சுற்றி முதல் வட்டத்தில் இரண்டு பேர், அடுத்ததில் எட்டுப் பேர், கடைசியில் தன்னந்தனியாக நீ. எல்லோரும் என்னைச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். குளோரினின் வெளிவட்டத்தில் ஏழு பேர். எட்டாக ஓர் ஆள் குறை. விசில் அடித்ததும் நீ அங்கே ஓடவேண்டும். பிறகு நான் போய்க் குளோரினை ஒட்டி நிற்கவேண்டும். அவ்வளவுதான் உப்பு.

விசில் அடித்தது. நீ ஓடவில்லை. அணு விதிகள் அத்தனையையும் மீறிக் குறுக்கே புகுந்து என் காதருகே வந்தாய்.

"காகிதம் வந்துடுச்சிடா."

உன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற சிப்பாய், ஊர்ப் பேச்சில் சொல்தா. பள்ளிக்கூடம் முடிந்ததும் உன்னையும் அந்தப் பட்டாளத்துக்கே அனுப்புவதென்று வீட்டில் முடிவாகி, பிரான்சுக்குப் போகக் காகிதம் கேட்டு எழுதியிருந்தார்கள். உன்னைத்தான் யாரும் கேட்கவில்லை.

அடுத்த சுற்றில், "எப்படா?" என்றேன் உதட்டை அசைக்காமல். அணுக்கரு பேசக்கூடாது.

"ஆடி கழிச்சி. எனக்குப் போவப் புடிக்கலடா."

வேடிக்கை பார்க்கப் பந்தலில் உட்கார்ந்திருந்த அம்மாக்கள் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். "டேய் பதினொன்னு! ஓடித் தொலைடா!" என்று சார் கத்தினார். மூன்றாம் சுற்றில் என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"இருந்துடட்டுமா? நீ இன்னா சொல்ற?"

இரு என்று சொல்லியிருக்கலாம். எனக்கோ ஊரே சிரிக்கிறதே என்ற கவலை.

"போடா. நீ போனாத்தான்டா உப்பு."

ஓடினாய். ஒரே கைதட்டல். நான் ஆடி அசைந்து போய்க் குளோரினை ஒட்டி நின்றேன். ஒவ்வொரு சுற்றிலும் என் தோளை இடித்துவிட்டுப் போனாய். போனவன் பக்கத்தில்தான் இருக்கிறான், அப்படியானால் சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடி கழிந்து நிஜமாகவே போனாய். "நீதானடா போவச் சொன்ன," என்று பேருந்து ஜன்னலில் சிரித்தாய். பின்னாலேயே வந்து ஒட்டி நிற்க எனக்குக் காகிதம் இல்லை. உன் கடிதங்களில் பனி, ரொட்டி, கிண்டல். "இங்க கொழம்புல உப்பு பத்தல, வந்து நில்லு" என்று எழுதிக் கீழே 11 என்று போடுவாய். என் பேச்சைக் கேட்டுத்தான் போனாயா என்பதை மட்டும் நான் ஒரு கடிதத்திலும் கேட்கவில்லை. ஊர் வம்பெல்லாம் பக்கம் பக்கமாக எழுதிய கைக்கு அந்த ஒரு வரி வரவில்லை. பிறகு உன் தங்கைக்குப் பட்டாளத்திலிருந்து தட்டச்சில் ஒரு பிரெஞ்சுக் கடிதம் வந்தது. முதல் வரியைப் படித்துவிட்டு அவள் எழுந்துபோய் உன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றினாள்.

அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. நீ ஓடியதும் சார் என்னைக் காட்டிப் பந்தலுக்கு விளக்கினார்: "பதினொரு குறி, சுத்துறது பத்துப் பேரு. இவன்கிட்ட இப்ப ஒண்ணு மிச்சம்." அந்தப் பத்துப் பேரும் ஊரில்தான் இருக்கிறார்கள். ஒருவன் எனக்குச் சம்பந்தி, ஒருவன் என் குடையைத் திருப்பித் தராதவன். அவர்களுக்குப் பத்துக் குறி சரியாகப் போய்விடுகிறது.

உன் பேரில் மிச்சம் இருக்கும் அந்த ஒரு குறிக்கு டாக்டரிடம் மாத்திரை இல்லை. என் மனைவியாலும் அதை எந்த அலமாரியிலும் ஒளித்துவைக்க முடியவில்லை.