வேதசாட்சியின் எலும்பு

1926 நவம்பர் 28, ஞாயிறு

மழை விட்டபாடில்லை. ரப்பர் மரங்களில் பால் வெட்டு நின்றுவிட்டது. கூலிகளின் லயத்தில் ஐந்து வீட்டில் காய்ச்சல். பங்குச் சுவாமியார் ஈப்போவிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் வருவார். அதுவரை இந்தத் தோட்டத்துக்கு உபதேசியார் ஸ்டானிஸ்லாஸ், அதாவது நான்தான் எல்லாம். சாகக் கிடப்பவர் கேட்டால் ஆபத்து ஞானஸ்நானம் கொடுக்கலாம். பிழைக்கக்கூடியவருக்குக் கொடுத்தால் சுவாமியார் என்னைச் சும்மா விடமாட்டார். யார் சாவார், யார் பிழைப்பார் என்று எனக்கெப்படித் தெரியும்?

டிசம்பர் 2

எழுதவே கை கூசுகிறது. எங்கள் குடும்பத்தில் ஒரு பித்தளைச் சிமிழ் உண்டு. உள்ளே நகத்தளவு எலும்பு. மறவர் சீமையில் கிறிஸ்து வேதத்துக்காகத் தலை வெட்டுண்ட ஓர் உபதேசியாருடையது. ஊரிலிருந்து இங்கே கப்பலேறும்போது அப்பா என் கழுத்தில் கட்டிவிட்டார். இன்று அதை, காய்ச்சலில் கிடந்து ஞானஸ்நானம் கேட்ட ஐயாவுவின் நெற்றியில் வைத்து மந்திரம் சொன்னேன். சிமிழ் அடுப்பில் கிடந்த கரண்டி மாதிரிச் சுட்டது. பக்கத்தில் அதே காய்ச்சலில் கிடந்த அவன் தம்பிக்கு வைத்தேன். சில்லென்று இருந்தது.

ஐயாவுவுக்கு ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றினேன்.

டிசம்பர் 4

ஐயாவு போய்விட்டான். தம்பி எழுந்து கஞ்சி குடிக்கிறான்.

டிசம்பர் 11

பால் வெட்டும் இராமசாமியின் மனைவி முத்தம்மாவுக்கும் காய்ச்சல். ஒரு வருடமாக ஜெபத்துக்கு வருகிறவள், ஞானஸ்நானம் வேண்டுமென்று அவளே கேட்டாள். சிமிழ் சுட்டது.

"பத்து காஜா டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போலாமா உபதேசியாரே?" என்றான் இராமசாமி.

எட்டு மைல். மழை. தோட்டத்துத் துரையிடம் அனுமதி வேறு வாங்கவேண்டும். "வேணாம்பா. சிமிழு சுடுது, ஆண்டவரு கூப்பிட்டுட்டாரு. அலைக்கழிக்காதே" என்றேன். அவன் என்னை நம்பினான். தண்ணீர் ஊற்றினேன். சாயங்காலம் அவள் போய்விட்டாள்.

ஐயாவு தொடங்கி இத்தோடு ஏழு ஆத்துமாக்கள். ஒருவரையும் தவறவிடவில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, மறைப்பானேன்.

டிசம்பர் 24

என் மகள் ஆலிஸுக்குக் காய்ச்சல். சிமிழ் சுடுகிறது.

டிசம்பர் 25

விடிந்ததும் மறுபடி வைத்துப் பார்த்தேன். என் விரல் கொப்புளித்தது. பிறந்த எட்டாம் நாளே ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை. அவளுக்கு ஊற்றத் தண்ணீர் இல்லை, எனக்குச் செய்ய வேலையும் இல்லை. முழங்காலில் நின்றேன்.

என் மனைவி பெரியநாயகம் இத்தனை வருடத்தில் என்னை எதிர்த்துப் பேசியவள் இல்லை. "எந்திரிங்க! புள்ளைய தூக்குங்க!" என்று கத்தினாள்.

துணைக்கு ஆள் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இராமசாமி தானாகவே மூங்கிலோடு வந்து நின்றான். போர்வையைத் தூளியாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம். துரையிடம் கேட்கவில்லை.

டிசம்பர் 27, பத்து காஜா

பாலம் தண்ணீருக்குள். கிந்தா ஆறு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. ஈயச்சுரங்கத்துச் சீனர் ஒருவர் தம் சம்பான் படகில் ஏற்றிக்கொண்டார். சிமிழைப் பிள்ளையின் நெற்றியிலிருந்து நான் எடுக்கவே இல்லை. பாதி ஆற்றில் சூடு இறங்குவது தெரிந்தது. "கொறையுது! இராமசாமி, சூடு கொறையுது!" என்று அலறினேன். அவன் என் முகத்தையே பார்த்தான். அப்போதுதான் ஒரு பெரிய மரம் மிதந்து வந்து மோதியது. சம்பான் சாய்ந்தது. இராமசாமி வெள்ளத்தில் குதித்து, அதைத் தோளால் முட்டி நிமிர்த்தி, கரைவரை பிடித்துக்கொண்டே வந்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் சிமிழ் வெதுவெதுப்பாக இருந்தது. காய்ச்சலுக்குக் கொயினா ஊசி போட்ட பிறகு சில்லென்று ஆகிவிட்டது.

"நேரத்தோட கொண்டாந்தீங்க, பொழைச்சிக்கும்" என்கிறார் ஊசி போட்ட டிரஸ்ஸர்.

அப்படியென்றால் மற்ற ஏழு பேர் — ஐயாவு — முத்தம்மா —

ஐயோ. சாவு வந்துவிட்டது என்றா சொன்னது அது? தூக்கிக்கிட்டு ஓடுடா, ஓடுடான்னுல்ல சொல்லியிருக்கு! நான் தண்ணிய ஊத்திட்டுக் கைய தொடச்சிக்கிட்டு வந்தேன். மடையன்.

டிசம்பர் 30

ஆலிஸ் ரொட்டி கேட்டாள். சிரிக்க முடியவில்லை.

1927 ஜனவரி 9, ஞாயிறு

சுவாமியார் வந்தார். பூசையில் எல்லார் முன்னாலும் ஏழு ஆத்துமாக்களுக்காக என்னைப் பாராட்டினார். பாவசங்கீர்த்தனத்தில் அனைத்தையும் சொன்னேன். அறியாமல் செய்தது பாவமில்லை என்றார். முத்தம்மாவின் புருஷனுக்குத் தெரிய வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அவன் மனதைக் கலைக்காதே என்றார்.

நேராக இராமசாமியிடம் போனேன். பால் வாளி கழுவிக்கொண்டிருந்தான். நின்றபடியே சொல்லி முடித்தேன். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தெரியும் உபதேசியாரே" என்றான், நிமிராமல். "சூடு கொறையுதுன்னு ஆத்துல கத்துனீங்கள்ல, அப்பவே தெரிஞ்சிடுச்சி, முத்தம்மாவையும் தூக்கிட்டுப் போயிருக்கலாம்னு."

அதற்குப் பிறகுதான் மரம் வந்து மோதியது. அதற்குப் பிறகுதான் அவன் குதித்தான்.