கேட் திறந்ததும் யார் முன்னால்

திங்கள், பிப்ரவரி 3, 1936

காலையில் பனி. ரயில் வந்த பிறகுதான் ரயில் தெரிந்தது. கேட் விளக்குக்குக் கண்ணாடி துடைத்தேன். கை முழுக்கக் கரி.

சாயங்காலம் வழக்கம்போல இரண்டு மோட்டார் வண்டிகளும். எண்ணூர்ப் பக்கம் போகிறவை. ரயில்வே கேட் மூடியிருந்ததால் இரண்டும் நம் கேட் வீட்டு வாசலில்தான் நின்றன. இடது பக்கம் தோல் மண்டி முதலாளியின் பச்சை வண்டி, ஓட்டுவது நம் சூசை அண்ணன். பின்னால் வந்த கப்பல் கம்பெனி தொரையின் சிவப்பு வண்டி, பின்னால் நிற்பது மானக்குறைவு என்று வலது பக்கம் ஏறி அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றது. இரண்டுமே இரண்டு பேர் மட்டும் உட்காரும் திறந்த வண்டி. குடை பிடிக்க முடியாத பணக்காரர்கள்.

சரக்கு ரயில் போனது. நைனா கேட் திறந்தார். கேட்டிலிருந்து புளியமரம் வரை பந்தயம்.

சிவப்பு. மறுபடியும் சிவப்பு.

நான் நேரம் அளப்பது மாதாவுக்குச் சொல்லும் பிரியதத்த மந்திரத்தால். சிவப்பு புளியமரத்தைத் தாண்டும்போது பாதி மந்திரம்கூட ஆகவில்லை. பச்சை தாண்டும்போது 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' வரை வந்துவிட்டேன். ஜெபத்தைக் கடிகாரமாக்குவது பாவமா என்று சாமியாரைக் கேட்க வேண்டும். கேட்டால் பாவசங்கீர்த்தனம் நீளும். கேட்கவில்லை.

செவ்வாய், 4

வெயில் சுள்ளென்று. மதியம் கடல் காற்று ஏறிய பிறகுதான் மூச்சு வந்தது.

கேட்டை ஒட்டி சோடாக்கடை வைத்திருக்கும் காதர் பாய்க்குப் பந்தயம்தான் வியாபாரம். யார் ஜெயித்தாலும் சோடா குடிக்கிறார்கள்.

"இன்னா பில்லு, உங்க அண்ணன் வண்டில எஞ்சின் கீதா, இல்ல பெட்டியா?"

"எஞ்சின் கீது பாய். உன் சோடா மாதிரி. சத்தம் முதல்ல, சரக்கு அப்பால."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கும் சிவப்பு.

முதலாளியிடம் வண்டி வந்தபோது கொடுத்த விலைப் புத்தகம் ஒன்று இருக்கிறது. நின்ற இடத்திலிருந்து இத்தனை வேகத்துக்கு இத்தனை நொடி என்று அச்சடித்திருக்கிறதாம். அதன்படி பச்சைதான் முந்த வேண்டுமாம். அந்தப் புத்தகம் உப்பு வண்டி, எருமை, கூடைக்காரி, ரோட்டில் மணல் எதுவும் இல்லாத ஊரில் எழுதியது. அதை அண்ணன் சொல்ல முடியாது. முதலாளி என்றால் முதல் ஆளாகப் போக வேண்டும் என்று நினைக்கிறவர்.

இன்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்:

"என்னா சூசை, கேட்டாண்ட தூங்கறியா? நீ முழிச்சிக்கறதுக்குள்ள அவன் பூட்றானே!"

அண்ணன் முகம் கறுத்துவிட்டது.

புதன், 5

மேகம். மழை இல்லை.

செய்தவை:
– கருவாடு இரண்டு, பழைய துணியில்.
– தொரை கேட்டில் இறங்கி சுருட்டுப் பற்றவைத்த நேரம், சிவப்பு வண்டியின் இருக்கைக்கு அடியில்.
– ஓட்டம்.

நாற்றம் தாங்காமல் தொரை வண்டியை மெதுவாக ஓட்டுவார் என்பது என் கணக்கு. நாற்றம் தாங்காமல் இன்னும் வேகமாகப் போய்விட்டார். அண்ணனுக்கு எப்போதையும்விட மோசமான தோல்வி. காதர் பாய்க்கு மட்டும் விஷயம் தெரியும். சிரித்ததில் அவருக்குச் சோடா மூக்கில் ஏறிவிட்டது.

சாப்பிடும்போது அண்ணன் சொன்னது. சனிக்கிழமை முதலாளி தன் மச்சானைக் கூட்டி வந்து சோடாக்கடையில் உட்காரவைக்கப் போகிறார். அன்றைக்கும் தூங்கினால் மச்சான் ஊர் டிரைவர் வருவான். அண்ணனுக்குப் பழையபடி ஹார்பரில் மூட்டை.

அண்ணி எழுந்து போய் விளக்கைத் துடைத்தார். காலையில் நான் துடைத்த விளக்கு.

வியாழன், 6

நைனாவுக்குக் காய்ச்சல். அம்மாதான் கேட் பார்த்தாள். மேலதிகாரிக்கு யாராவது எழுதிப்போட்டால் தப்பு, ஆனால் கேட் வீட்டில் எல்லாரும் கேட் கீப்பர்தான். நைனா கேட் கீப்பர், அம்மா யார் சொன்னாலும் கேட்காத கீப்பர்.

சாயங்காலம் பச்சை ஜெயித்தது!!

நம்ப முடியவில்லை. மந்திரம் ஆரம்பிக்கவே மறந்துவிட்டேன். முதலாளி வண்டியிலேயே எழுந்து நின்று கை தட்டினார், தொப்பி பறந்து உப்பளத்துப் பக்கம் போனது. காதர் பாய் இரண்டு சோடா சும்மா கொடுத்தார் (எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று).

ஆனால் அண்ணன் முகத்தில் சந்தோஷம் குறைவு. "நேத்து பண்ணதத்தான் இன்னிக்கும் பண்ணேன். நேத்து ஏன் தோத்தேன், இன்னிக்கி ஏன் ஜெயிச்சேன்?"

அதையேதான் நானும் யோசிக்கிறேன். அதே வண்டி. அதே பெட்ரோல். அதே அண்ணன். மாறியது என்ன?

அம்மா உள்ளே வந்து தோளைத் தேய்த்துக்கொண்டே நைனாவைத் திட்டினாள். "கடல் பக்கத்து கதவு காத்துல திரும்பி வந்து என் தோள்ல அடிக்குது. எப்டிதான் தள்றியோ!"

நைனா படுத்தபடியே: "அதான் அத மொதல்ல தொறந்து கொக்கில மாட்டணும். அப்பால மேக்கு கதவு. நீ வூட்டாண்ட கீற கதவத்தான் மொதல்ல தள்ளி இருப்ப."

அம்மா: "கிட்ட கீறத வுட்டுட்டு எட்டக் கீறத தள்ளுவாங்களா?"

சண்டை தொடர்ந்தது. நான் கேட்கவில்லை.

கேட்டுக்கு இரண்டு கதவு.

வெள்ளி, 7

பனி இல்லை. தூக்கமும் சரியாக இல்லை.

சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து வண்டிகளை விட்டுவிட்டு நைனாவின் கையை மட்டும் பார்த்தேன். காய்ச்சல் விட்டு வேலைக்கு வந்துவிட்டார். கடல் காற்று பலமாக. நைனா கிழக்குக் கதவைத் திறந்தார். ஓரத்துக்குத் தள்ளினார். கொக்கி மாட்டினார். பிறகு ரோட்டைக் கடந்து மேற்குக் கதவுக்கு வந்தார்.

வடக்கே போகிறவனுக்குக் கிழக்கு வலது பக்கம். தொரை நிற்பது அங்கே. நிற்கக் கூடாத பக்கம். நைனா ரோட்டைக் கடக்கும் நேரம் முழுக்கத் தொரைக்கு வழி திறந்திருக்கிறது. அண்ணன் இடது பக்கம், சட்டப்படி, மூடிய கதவின் முன்னால். எஞ்சின் உறுமுகிறது. போக வழி இல்லை.

நேற்று அம்மா மேற்குக் கதவை முதலில் திறந்தாள். அவ்வளவுதான்.

இத்தனை நாளாக ஊரே இரண்டு வண்டியை ஒப்பிட்டது. உண்மையில் ஒப்பிட்டது நைனாவின் இரண்டு கதவுகளை.

அண்ணனிடம் வலது பக்கம் நில் என்று சொல்லலாம். நிற்க மாட்டான். எதிரே கூடைக்காரிகள் வருகிற பக்கம் அது. கூடையோடு ஒருத்தியைத் தட்டிவிட்டால் என்ன பண்ணுவது என்பான். சரியும்கூட.

நைனாவிடம் சொன்னேன். விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். தீக்குச்சி விரலைச் சுடும் வரை கையிலேயே இருந்தது.

"அப்போ என் கையாலதான் அவன் வேலைக்கு ஒல வெக்கிறேனா?"

"நாளைக்கி மட்டும் மேக்கு கதவ மொதல்ல தொற நைனா."

"முடியாது."

"அண்ணன் மூட்ட தூக்கப் போவுமே!"

"காத்துல கெயக்கு கதவு திரும்பி எவன் மாட்டயாவது அடிச்சா? இன்னொண்ணு சொல்றேன் கேளு. கதவு தொறக்கறவன் எவன் ஜெயிக்கணும்னு நெனைக்கக் கூடாது. நெனச்சா அப்பால ரயிலு வர்ற நேரத்துலயும் நெனப்பான்."

தீப்பெட்டியை வாங்கி விளக்கை நான் ஏற்றினேன்.

சனி, 8

காற்று. உப்பு. உதடெல்லாம் கரிப்பு.

காலை கஞ்சி குடிக்கும்போது நைனா என்னைப் பார்க்காமல்:

"ரெண்டும் ஒண்ணா தொறந்தா யாருக்கும் ஓரவஞ்சன கெடையாது. நீ மேக்கு பக்கம் நில்லு. நான் 'ம்'ன்னா தள்ளு. அதுக்கு மின்னாடி தள்ளினே, கேட் வூட்டுப் பக்கமே வராதே."

சாயங்காலம். சோடாக்கடையில் முதலாளியின் மச்சான், பட்டு அங்கவஸ்திரம், ஈ ஓட்டியபடி. இடது பக்கம் பச்சை, வலது பக்கம் சிவப்பு. அண்ணன் என்னைக் கதவடியில் பார்த்துவிட்டு "போடி உள்ள, இன்னா வெளாட்டு" என்று கையாட்டினான். முதலாளி அவன் பக்கத்தில், தொப்பியைக் கையால் அமுக்கிக்கொண்டு.

மெயில் போனது. தரை நடுங்கியது.

கதவு என் கையில். கொக்கி எடுத்தாயிற்று. கொஞ்சம் முன்னால் தள்ளினால் போதும். ஒரு தும்மல் அளவு. தும்மல் வந்தது என்றே சொல்லலாம். கருவாடு வைத்த கைக்கு இது என்ன பெரிய வேலை?

நைனா எதிர்ப்பக்கம். அவர் வண்டிகளைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தண்டவாளத்தை இரண்டு பக்கமும் பார்த்தார். ஒழுங்காக, எப்போதும் போல.

"ம்."

தள்ளினேன். அவருடையதும் என்னுடையதும் ஒன்றாக நகர்ந்தன. கதவோடு ஓடினேன், தாவணி கொக்கியில் மாட்டிக் கிழிந்தது. ஆணித் தலையில் உள்ளங்கை உரசியது. தலையை நிமிர்த்தியபோது பச்சை வண்டியின் பின்பக்கம். அதற்கும் பின்னால்தான் சிவப்பு! புளியமரம் வரை பச்சை. நான் கத்தியது மந்திரம் இல்லை.

அப்புறம் மரக்கிடங்கு தாண்டியதும் சிவப்பு எட்டிப்பிடித்தது. முந்தியது. தூரத்தில் சின்னதாகி, வளைவில் மறைந்தது.

காதர் பாய்: "கெளம்பறதுல அது, ஓடறதுல இது. ரெண்டு கட்சிக்காரங்களும் சோடா சாப்டுங்க."

ஞாயிறு, 9

பூசை. சாமியாரிடம் கருவாட்டை மட்டும் சொன்னேன். தொரைக்காக ஒரு பிரியதத்தம் சொல்லச் சொன்னார். மெதுவாகச் சொன்னேன், தொரை வண்டி வேகத்துக்கு இல்லாமல்.

மதியச் சாப்பாட்டில் அண்ணன் வாய் மூடவில்லை. முதலாளி நேற்று எண்ணூர்ப் பாலத்தருகே இறங்கித்தான் சொன்னாராம்: "மரக்கிடங்கு வரைக்கும் நீதான் மின்னாடி. அதுக்கப்பால வண்டில சத்து இல்ல. உன்ன சொல்லிக் குத்தமில்ல சூசை." புது டிரைவர் பேச்சு போயிற்று. அண்ணி அண்ணன் தட்டில் மீனைப் போட்டுக்கொண்டே இருந்தார், அவன் போதும் என்ற பிறகும்.

"கிளட்ச்ச கொஞ்சம் இறுக்கினேன்" என்றான் அண்ணன். "அதான். வேற ஒண்ணுமில்ல."

நைனா ரசத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். நான் என் உள்ளங்கைக் கட்டுத் துணியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். அம்மா மட்டும், அடுப்புப் பக்கம் திரும்பி: "கிளட்சாம்."

சாயங்காலம், ஞாயிற்றுக்கிழமை என்பதால் சும்மா. மோட்டார் ஒன்றும் இல்லை. கேட்டில் உப்பு வண்டி இரண்டு, பக்கத்தில் பக்கத்தில்.

"பில்லு! மேக்கு கதவு!"

கை வலித்தது. போனேன். "ம்" என்றார் நைனா. இரண்டும் ஒன்றாகத் திறந்தன. வலது பக்கத்து மாடு நகரவே இல்லை.