முப்பத்தொன்றாம் எண்ணுக்கு நான் போட்ட மதிப்பெண்

கேசட்டை அட்டை உறையிலிருந்து உருவியபோது உங்கள் மூட்டுவலித் தைலத்தின் வாசனை வந்தது, டீச்சர். இத்தனை நாளாகியும் போகவில்லை. மாப்பிள்ளை ஏதோ நிகழ்ச்சியைப் பதிவு பண்ணப் பழைய வீடியோ கேசட் ஒன்று கேட்டார். அலமாரியின் அடித்தட்டில் துழாவினேன். கையில் வந்தது இதுதான். மேலே என் கையெழுத்தில் '31, இடது கை' என்று எழுதியிருக்கிறது. உறைக்குள் நாலாக மடித்த தாள் ஒன்றும் இருக்கிறது. அதைப் பிரிக்காமலே அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பிரித்தேன்.

மாப்பிள்ளையிடம், "இது வேண்டாம், வேற தேடித் தரேன்" என்று சொல்லிவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். நீங்கள் உயிரோடு இருந்தபோது எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது.

டெக்சஸில், ரிச்சர்ட்சனில் நாம் ஒரே அபார்ட்மெண்ட் வளாகத்தில் இருந்தோம். நான் மகள் வீட்டில், நீங்கள் மகன் வீட்டில். இருவரும் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்தவர்கள். கார் ஓட்டத் தெரியாத நமக்கு லாண்டரி ரூம்தான் கடைத்தெரு. அங்கேதான் உங்களை முதலில் பார்த்தேன். புடவைக்குக் கீழே வெள்ளைக் கான்வாஸ் ஷூ. மதுரைப் பக்கத்தில் முப்பத்தொரு வருடம் இங்கிலீஷ் டீச்சர் என்று நான் சொன்னேன். கோயம்புத்தூர்ப் பக்கம் அரசுப் பெண்கள் பள்ளியில் இருபத்தெட்டு வருடம் என்று நீங்கள் சொன்னீர்கள். "என்ன சப்ஜெக்ட்?" என்று கேட்டேன்.

"பி.டி.ங்க டீச்சர். உங்களை மாதிரி ஆளுங்க பீரியடு கடன் வாங்குவீங்களே, அந்த டீச்சர்."

நான் சிரித்தேன். உண்மைதானே. பரீட்சை நெருங்கினால் ஆங்கிலமும் கணக்கும் விளையாட்டு வகுப்பை எடுத்துக்கொள்ளும். கேட்டுக்கொண்டு எடுப்பதுகூட இல்லை. சாக்பீஸோடு நேராக வகுப்புக்குள் போய்விடுவோம். பி.டி. டீச்சர் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். முப்பத்தொரு வருடத்தில் ஒருநாளும் அந்த முகத்தை நான் நிமிர்ந்து பார்த்ததில்லை.

வளாகத்தின் பின்பக்கம் ஒற்றைக் கூடை நட்ட சிமெண்ட் தரை இருந்தது. உங்கள் கீழ்வீட்டுக்காரர், நெட்டையான அமெரிக்கர், சாயங்காலம் அங்கே தனியாகப் பந்து போடுவார். ஒருநாள் துணிக்கூடையைக் கீழே வைத்துவிட்டு நீங்கள் அவரிடம் போய், "எல்போ அவுட். நோ குட்" என்றீர்கள். அவர் முழங்கையை உள்ளே ஒடுக்கிப் போட்டார். விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. அன்றிலிருந்து அவர் உங்களைக் 'கோச்' என்று கூப்பிட்டார். ஊரில் 'டிரில் டீச்சர்' என்பதற்கு மேல் யாரும் கூப்பிட்டதில்லை என்று அன்று படியேறும்போது சொன்னீர்கள்.

அவர் தொழில்முறைக் கூடைப்பந்து அணி ஒன்றின் அலுவலகத்தில் வேலை பார்த்தார். ஒவ்வொரு ஜூன் மாதமும் எல்லா அணிகளும் வரிசைப்படி புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். மொத்தம் இரண்டு சுற்று. முதல் சுற்றில் வருகிறவர்களை ஊருக்கே தெரியும். இரண்டாவது சுற்றின் கடைசியில் வருகிறவர்களை அவரவர் அம்மாவுக்குத்தான் தெரியும். அந்தக் கடைசிப் பெயர்களுக்கு ஆள் தேடுவது கீழ்வீட்டுக்காரரின் வேலை. பெயர் தெரியாத கல்லூரிகளிலிருந்து வந்த கேசட்டுகள் அவர் வீட்டில் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. அவ்வளவையும் பார்க்க அவருக்கு நேரமில்லை. உங்களுக்கு, குழந்தை தூங்கும் நேரமெல்லாம் நேரம். ஒரு பெட்டியை மாடிக்குத் தூக்கி வந்து உங்களிடம் கொடுத்தார்.

நீங்கள் பார்த்துச் சொல்வீர்கள், நான் ஆங்கிலத்தில் எழுதுவேன். ஓர் ஆளுக்கு ஒரு தாள். தாளின் மேலே நூற்றுக்கு எத்தனை என்று ஒரு கட்டம். எனக்கு முதலில் விளங்கவில்லை. நல்ல ஆட்டக்காரனைத்தான் எல்லாரும் கண்டுபிடித்துவிட்டார்களே, மிச்சத்தில் என்ன தேடுவது என்று கேட்டேன். பிறகு நானே ஓர் உதாரணம் சொல்லிப் புரிந்துகொண்டேன். தொண்ணூற்றைந்து வாங்குகிற விடைத்தாளை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். முப்பத்து மூன்றிலும் முப்பத்து நான்கிலும் நிற்கிற தாள்தான் திருத்துகிறவரைச் சோதிக்கும். அந்தப் பிள்ளைக்கு உண்மையாகவே ஏதாவது தெரியுமா, இல்லை பக்கத்தைப் பார்த்து எழுதியதா? நான் இதைச் சொன்னதும், "அதேதானுங்க. எல்லாம் தெரிஞ்சவன் இங்க வரமாட்டான். ஒண்ணே ஒண்ணு தெரியணும். அதை அவங்கிட்டருந்து யாரும் பிடுங்க முடியாததா இருக்கணும்" என்றீர்கள்.

நீங்கள் பார்த்த விதத்தை நான் மறக்கவில்லை. சோபாவில் உட்காரமாட்டீர்கள். தரையில் கால் நீட்டி, முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டு, பக்கத்தில் இரண்டு கிண்ணம். ஒன்றில் ராஜ்மா, இன்னொன்று காலி. குனிந்து எழுதினால் கண் திரையை விட்டுப் போய்விடும் என்பதால், எண்ண வேண்டிய காரியம் நடக்கும்போதெல்லாம் ஒரு ராஜ்மா இந்தக் கிண்ணத்திலிருந்து அந்தக் கிண்ணத்துக்குப் போகும். நான் பந்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். "பந்தைப் பார்க்காதீங்க டீச்சர். பந்து எங்க போகுதுன்னு டிவிக்காரன் காட்டிருவான். பந்து இல்லாதவன் என்ன பண்றான்னு பாருங்க" என்பீர்கள்.

குளிர்காலம் முழுக்கப் பார்த்தோம். நாற்பது, நாற்பத்தைந்து, ஐம்பது. அதற்குமேல் நீங்கள் யாருக்கும் சொல்லவில்லை. "கண்ணு ரிங்கைப் பார்க்குது, கால் எங்கியோ நிக்குது" என்பதோடு ஒருவன் கதை முடிந்துவிடும். உங்கள் மகன் வேலையிலிருந்து வந்து, "அம்மா, இன்னுமா? அவர் சும்மா உங்களை என்கரேஜ் பண்றார்மா" என்று சிரிப்பார். நீங்கள் அடுத்த கேசட்டைச் செருகுவீர்கள்.

மார்ச் மாதம் முப்பத்தொன்றாம் எண் சட்டைக்காரன் வந்தான், இடது கை ஆட்டக்காரன். மேற்கு டெக்சஸில் ஒரு சின்னக் கல்லூரி. ஓர் ஆட்டத்தில் ஆறு புள்ளி எடுத்தால் பெரிது. ஓட்டத்திலும் வேகமில்லை. நான் கொட்டாவி விட்டேன். உங்கள் பக்கத்தில் ராஜ்மா நகர்ந்துகொண்டே இருந்தது. கேசட் முடிந்ததும் திரும்பச் சுற்றிப் போடச் சொன்னீர்கள். மொத்தம் ஆறு கேசட், ஒவ்வொன்றும் இரண்டு முறை.

"அவன் கூட்டாளி பந்து போடுறான் பாருங்க. விழாதுன்னு இவனுக்கு முன்னாடியே தெரியுது. அது எங்க வந்து விழும்னும் தெரியுது. அங்க போயி அந்தப் பெரிய ஆளை இடுப்பால தடுத்து நிறுத்திட்டான். பந்து வேற ஒருத்தன் கைக்குப் போகுது. ஸ்கோர்ல இவன் பேரு வருமா? வராது. ஆனா இவன் இல்லீன்னா அந்தப் பந்து இல்லீங்."

பிறகு தாளைக் காட்டி, "தொண்ணூறு போடுங்க" என்றீர்கள்.

"தொண்ணூறா? ஆறு பாயிண்ட் எடுக்கிறவனுக்கா?"

"போடுங்க டீச்சர்."

உங்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். உங்கள் தாளிலிருந்து ஒரு பெயர் எடுக்கப்பட்டால், அது யாருடைய கண் என்று மேலதிகாரியிடம் சொல்வதாகவும், உங்களை அலுவலகத்துக்கே அழைத்துப் போவதாகவும் கீழ்வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். இருபத்தெட்டு வருடம் மாவட்ட அணித் தேர்வுக்குப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போனவர் நீங்கள். பந்தலுக்குள் நாற்காலி போட்டுத் தேர்ந்தெடுத்தது வேறு ஆட்கள். நீங்கள் வெயிலில் தண்ணீர்க் குடத்தோடு நின்றீர்கள். "ஒருதரமாவது எங்கிட்டக் கேட்டிருக்கலாமில்ல" என்று நீங்கள் சொன்னபோது சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள்.

அன்று தாளை வீட்டுக்குக் கொண்டுபோனேன். 90 என்று எழுதினேன். அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அரசுப் பொதுத் தேர்வில் எத்தனை கட்டு விடைத்தாள் திருத்தியிருப்பேன்! ஆங்கிலத்தில் யாருக்கும் எழுபதைத் தாண்டி நான் போட்டதில்லை. அறுபதுக்கு மேல் முதல் வகுப்பு, அதுவே தாராளம். தொண்ணூறு போட்டால் அவர்கள் சிரிப்பார்கள், தாளைப் படிக்காமலே ஒதுக்குவார்கள், உங்கள் மரியாதை போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதியை இன்றைக்குத்தான் எழுதுகிறேன். பி.டி. டீச்சருக்கு மதிப்பெண் போடத் தெரியாது என்று நினைத்தேன்.

சிவப்புப் பேனாவை எடுத்தேன். 90-ஐ அடித்தேன். பக்கத்தில் 68 என்று எழுதினேன். திருத்திய மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும் என்பது திருத்தும் முகாமின் விதி. பழக்க தோஷத்தில் அதையும் போட்டேன். பிறகு வேறு தாளில் சுத்தமாக 68 என்று எழுதிக் கீழ்வீட்டுக்காரரிடம் நேராகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடித்தல் உள்ள தாள்தான் இப்போது என் முன்னால் இருக்கிறது.

"போட்டுட்டீங்களா?" என்று கேட்டீர்கள்.

"நீங்க சொன்னதுதான்" என்றேன்.

ஜூன் மாதம் டிராஃப்ட் அன்றைக்கு உங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்தோம். வெளியில் இன்னும் வெயில் இருந்தது. முதல் சுற்று முழுக்கக் கோட்டுப் போட்ட பிள்ளைகள், கட்டிப்பிடிக்கும் அம்மாக்கள், கைதட்டல். இரண்டாவது சுற்றில் கூட்டம் கலைந்துவிட்டது. காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஒருவர் பெயர்களைப் பட்டியல் வாசிப்பதுபோல வாசித்துக்கொண்டே போனார். நீங்கள் கைக்குள் ஒற்றை ராஜ்மாவை வைத்து உருட்டிக்கொண்டிருந்தீர்கள். கீழ்வீட்டுக்காரரின் அணி முறை வந்தது. வேறு பெயர். கடைசிப் பெயர் வரைக்கும் பார்த்தீர்கள். அவன் பெயர் வரவில்லை.

"விடும்மா. இது அவங்க கேம். நமக்கு என்ன தெரியும்?" என்றார் உங்கள் மகன்.

"சரி. பாத்திரம் கிடக்குது" என்று எழுந்தீர்கள். ராஜ்மாவைத் திரும்ப டப்பாவில் போட்டுவிட்டுத்தான் சமையலறைக்குப் போனீர்கள்.

அடுத்த வாரம் லாண்டரி ரூமில் கீழ்வீட்டுக்காரரை நான் மட்டும் பார்த்தேன். முப்பத்தொன்றைப் பற்றிக் கேட்டேன். எல்லாத் தாளையும் முதலில் எண்ணை வைத்துத்தான் பிரிப்பார்களாம். எழுபத்தைந்துக்குக் கீழே இருப்பதை யாரும் படிப்பதில்லை. "கோச் நிறைய எழுதியிருந்தாராம், எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. ஆனால் அவரே அவனுக்குப் பாஸ் மார்க் போடவில்லையே" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த ஊர்ப் பள்ளியில் எழுபதுதான் பாஸ். பேத்தியின் ரிப்போர்ட் கார்டில் நானே பார்த்திருக்கிறேன். நம் ஊரில் முதல் வகுப்பாக இருக்கிற அறுபத்தெட்டு இங்கே ஃபெயில். முப்பத்தொரு வருடம் திருத்திய கைக்கு ஊர் மாறியது தெரியவில்லை.

அவரிடம் அங்கேயே சொல்லியிருக்கலாம். துணியை மடித்தேன். உலர்ந்த துணியின் சூடு விரலைச் சுட்டது.

நீங்கள் கேசட் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். எழுதுவதற்காக நான் வாங்கி வந்திருந்த இது ஒன்று மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. அவர் அடுத்த வருடத்துக்கும் கேட்டார். நீங்கள் முட்டி வலி என்றீர்கள். கூடையிருக்கும் பக்கம் போவதை விட்டு, சுற்று வழியாக நடந்தீர்கள். ஒருநாள் நானே பேச்சை எடுத்தேன். சொல்லிவிடலாம் என்றுதான் எடுத்தேன், நம்புங்கள். அதற்குள் நீங்கள் சொன்னீர்கள்: "எங்கண்ணு போச்சுங்க டீச்சர். தொண்ணூறுன்னு சொன்னப்பவே நீங்க யோசிச்சீங்க. படிச்சவங்க படிச்சவங்கதான். நீங்கதான் சரி."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்ல டீச்சர், எல்லாருக்கும் தப்பு வரும்" என்றேன். என் தப்பை உங்களிடமே கொடுத்து, உங்களுக்கு ஆறுதலும் சொன்னேன்.

அந்த வருடக் கடைசியில் நீங்கள் ஊருக்குப் போனீர்கள். நாங்கள் பக்கத்து ஊரான பிளானோவில் வீடு வாங்கி வந்தோம். விலாசம் இருந்தது, போன் நம்பர் இருந்தது. பொங்கலுக்கு ஒருமுறை பேசினோம். குளிரைப் பற்றியும் பேரனுக்குப் பல் முளைத்ததைப் பற்றியும் பேசினோம். அடுத்த மழைக்காலத்தில் உங்கள் மகன் கூப்பிட்டு, "அம்மா போயிட்டாங்க ஆன்ட்டி, தூக்கத்துலயே" என்றார். போனை வைத்ததும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. இனிமேல் சொல்ல வேண்டியதில்லை என்ற நிம்மதி. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த வரிசையை நான் மறக்கப்போவதில்லை.

போன மாதம் மாப்பிள்ளை ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு ஏதோ ஓர் அணி. ஒருவனுக்குக் கால் பிசகி வெளியே போக, மாற்று ஆளாக ஒருவன் எழுந்து வந்தான். சட்டையில் வேறு எண். முகம் கொஞ்சம் முற்றியிருந்தது. நடையில் தெரிந்துகொண்டேன், நம் முப்பத்தொன்றுதான். பெயரையும் சொன்னார்கள், ஒரே ஒரு தடவை. டிராஃப்ட்டில் வராதவர்களையும் அணிகள் பிறகு கூப்பிட்டுக்கொள்வதுண்டாம்.

நான் சமையலறைக்குப் போய் இரண்டு கிண்ணத்தோடு வந்து தரையில் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை ஒருமாதிரிப் பார்த்தார். நான்கு நிமிடம் ஆடினான். பந்து அவன் கைக்கு வரவே இல்லை. விழாத பந்து எங்கே வரும் என்று தெரிந்து போனான், தன்னைவிடப் பெரிய ஆளை இடுப்பால் நிறுத்தினான், பின்னாலிருந்தவன் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினான். ஒரு ராஜ்மா. மறுபடியும். மூன்றாவது முறையும். பிறகு அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார்கள்.

"யாரு இவன்? ஒண்ணுமே பண்ணலையே" என்றார் மாப்பிள்ளை.

"தொண்ணூறு" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

தாள் மேஜைமேல் கிடக்கிறது. சிவப்புப் பேனா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. 68-ஐ அடித்துத் திரும்ப 90 போடலாம். இன்னொரு சுருக்கொப்பமும் போடலாம். முடிவு வெளியான பிறகு அப்படித் திருத்துகிறவர்களை முகாமில் நான் எவ்வளவு கேவலமாகப் பேசியிருக்கிறேன். அதனால் தொடவில்லை. என் பெயரின் முதலெழுத்து அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

சனிக்கிழமைகளில் பேத்தியின் பள்ளியில் ஆட்டம். மற்ற பெற்றோர் எல்லாரும் பந்தோடு தலையைத் திருப்புகிறார்கள். எனக்கு இப்போது பந்து தெரிவதே இல்லை. கோட்டோரமாக, யாரும் பார்க்காத இடத்தில் நிற்கிற பெண்ணைத்தான் கண் தேடுகிறது. அந்தக் கண்ணை எனக்குக் கொடுத்தது நீங்கள். உங்களைக் கேட்காமல் நான் எடுத்துக்கொண்ட பீரியடுகளில் அந்த அறுபத்தெட்டுதான் கடைசி, டீச்சர். வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனீர்கள். இந்தத் தடவை உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டேன்.