தட்டில் துடித்தது

அன்புள்ள அப்பாவுக்கு, மூச்சிரைப்பு குறைஞ்சிருக்கா? மாடிப்படி ஏறலையே? நான் நல்லாருக்கேன்.

நேத்து ஒரு கூத்து. ஸ்டெம் செல்லிலிருந்து நான் வளர்த்த இதய செல்கள் கண்ணாடித் தட்டுல முதல் தடவையா தானாத் துடிச்சுது. சந்தோஷத்துல மூடியைத் திறந்து, "அப்பா, பாருங்க"ன்னுட்டேன். என் மூச்சுக்காத்து பட்டுக் கிருமி சேந்திருக்கும்னு லேப் மேடம் தட்டையே குப்பையில போட வெச்சுட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க, நானும்தான்.

"மக எனக்கு வைத்தியம் கொண்டு வருவா"ன்னு தெருவெல்லாம் சொல்றீங்களாமே. இது மனுஷங்களுக்கு வர இன்னும் பல வருஷம் ஆகும்ப்பா. டாக்டர் உங்களுக்குச் சொன்ன கெடுவை அம்மா சொல்லிட்டாங்க.

அடுத்த தடவை கூப்பிடும்போது போனைக் கொஞ்ச நேரம் நெஞ்சுல வெச்சுக்கோங்க. பேசவேண்டாம். இங்க துடிக்கிறதெல்லாம் யாரோடதோ. எனக்கு உங்களோடதைக் கேக்கணும்.

செல்களுக்குத் தீனி வைக்க நேரமாச்சு, ஓடறேன்.

உங்க,
வாலு