ஷிஹானின் மறுப்பு

மே 6, செவ்வாய்

காலையிலேயே ஷிஹானோடு சண்டை. வலையமைப்பு வழியாகக் கோப்புகளைச் சேமிப்பதற்கான நெறிமுறை ஆவணத்தைப் பல நாட்டுக்காரர் சேர்ந்து திருத்துகிறோம். இங்கிருந்து இரண்டே பேர்: கல்லடியில் நான், ஏறாவூரில் அவர். சண்டையும் எங்கள் இருவருக்குள்தான்!

ஏழாம் பிரிவுக்கு ஆளுக்கொரு பிராஞ்ச், அதாவது தனித் திருத்தப் பிரதி. தரவு கைக்கு வந்ததுமே சேர்வர் 'சேமித்தாயிற்று' என்று பதில் சொல்லலாம் என்பது என்னுடையது. வேகம் வேண்டாமா? டிஸ்க்கில் எழுதி முடிக்கும்வரை சொல்லக்கூடாது என்பது அவருடையது. ஒன்றைச் சேர்த்தால் மற்றது போய்விடும்.

"இடையில கரண்ட் போனா, தங்கச்சி?" எத்தனை தரம்தான் கேட்பார். விசர் வருகிறது.

மே 9, வெள்ளி

என் பிராஞ்சை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள், ஷிஹானைத் தவிர. ஒருவர் மறுத்தாலும் மூல ஆவணத்தோடு மேர்ஜ் செய்யமுடியாது. எங்கள் குழுவின் வழக்கம் அது. ஆனால் மறுத்தவர் ஒவ்வோர் இணையவழிக் கூட்டத்துக்கும் வந்து "இன்னும் மறுக்கிறேன்" என்று சொல்லவேண்டும். மனுசன் ஒரு கூட்டமும் தவறவிடமாட்டார். என் பிராஞ்ச் சேர்ந்தால் அந்தப் பிரிவின் ஆசிரியராக என் பெயர் வரும். எவ்வளவு ஆசையோடு எழுதினேன்.

மே 14, புதன்

ஷிஹான் போய்விட்டார். மாரடைப்பாம். அஸர் தொழுகையோடு அடக்கமாம்.

மே 15

எழுத வரவில்லை.

மே 20, செவ்வாய்

குழுத் தலைவரின் மின்னஞ்சல். இரங்கல் இரண்டு வரி. அதற்குக் கீழே: மறுத்தவர் இல்லாததால் மறுப்பு செல்லாது, வெள்ளிக்கிழமை வேறு யாரும் மறுக்காவிட்டால் என் பிராஞ்ச் மேர்ஜ் ஆகும், ஷிஹானுடையது மூடப்படும்.

நான் வென்றுவிட்டேனா? சீ.

மே 21, புதன்

ஏறாவூர் போனேன். ஷிஹானின் மனைவி ஸஹீதா இத்தாக் காலத்தில் இருக்கிறார், வெளி ஆண்களைப் பார்ப்பதில்லை. பெண் என்பதால் என்னை உள்ளே அழைத்தார். கையைப் பிடித்துக்கொண்டு இருவரும் அழுதோம்.

"ஒங்களோட சண்டை புடிக்காட்டி அவருக்குச் சோறு செமிக்காது புள்ள. போன வெச்சிட்டுச் சிரிப்பாரு. 'மேர்லின் ஒரு நாளைக்கு வயரப் புடுங்கிப் பாக்கும்' எண்டுவாரு."

நான் ஒரு நாளும் பிடுங்கிப் பார்க்கவில்லையே.

மே 22, வியாழன்

பார்த்தேன். என் பிராஞ்சில் உள்ளபடியே சேர்வரை ஓடவிட்டு ஒரு படத்தை அனுப்பினேன். 'சேமித்தாயிற்று' என்று வந்தது. உடனே கரண்ட் வயரைப் பிடுங்கினேன். திரும்பப் போட்டால் — படம் இல்லை. இன்னொரு தரம். அப்போதும் இல்லை.

இல்லாததை இருக்கிறது என்று சொன்னால் அது பொய்தானே? ஐயோ, இதைத்தானே அந்த மனுசன் தொண்டை வத்தச் சொன்னது. ஒருக்கா "ஓம்" எண்டு சொல்லியிருக்கக்கூடாதா நான்?

மே 23, வெள்ளி

கூட்டம். தலைவர் என் பிராஞ்சை வாசித்து, மறுப்பு உண்டா என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"ஷிஹானின் மறுப்பை நான் ஏற்கிறேன்," என்றேன்.

"மேர்லின், இது உங்களுடைய பிராஞ்ச்."

"தெரியும். இன்னும் மறுக்கிறேன்."

வயரைப் பிடுங்கிப் பார்த்ததைச் சொன்னேன்.

ஜூன் 13, வெள்ளி

என் பிராஞ்சை நானே மூடிவிட்டேன். அவருடையது இன்று மேர்ஜ் ஆனது. ஏழாம் பிரிவின் ஆசிரியர்: ஷிஹான், ஏறாவூர். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து ஸஹீதாவுக்கு அனுப்பினேன்.

மறுப்பு உண்டா என்று தலைவர் கேட்டபோது எல்லோரும் பேசாமல் இருந்தார்கள். சண்டைக்கு ஒருத்தரும் வரவில்லை. கமெராவை மூடிவிட்டு அழுதேன்.