எண்ணெய் வைக்காத கால்

உன்னைக் கொன்றது வாயைத் திறக்காத ஆஸ்பத்திரி. நீ வழுக்கி விழுந்த அருவிப் படி அல்ல, உன் காலைத் தேய்த்த கைகளும் அல்ல.

இன்று காலை அதே எண்ணெய் வாசம் என் வீட்டுக்குள் வந்தது. பின்னாலேயே இசக்கி அண்ணாச்சி வந்தார். குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு உன்னோடு எண்ணெய் தேய்த்தவர். செங்கோட்டை ரோட்டில் பைக்கோடு விழுந்து நான் ஒடித்துக்கொண்ட காலில் நேற்றுதான் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கெண்டைக்கால் வீங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் அண்ணாச்சி பாட்டிலை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

“தேய்க்க மாட்டேன்லே. எந்திரி, ஸ்கேன் எடுக்கப் போவோம்.”

“சும்மா தடவி விடுங்க அண்ணாச்சி” என்று சீண்டினேன்.

“செருப்பு பிஞ்சிரும்.”

சிரிப்பு வந்தது. கூடவே நீயும் வந்தாய். சாரல் காலத்தில் நீ எங்கே நிற்கிறாய் என்று தேட வேண்டியதில்லை, சிரிப்புச் சத்தம் அருவியைத் தாண்டிக் கேட்கும். தொப்பை பெருத்த ஒருவரிடம், “அண்ணாச்சி, வயித்துக்குத் தனியா ஒரு பாட்டில் ஆவும்” என்றாய். அவர் குலுங்கிச் சிரித்ததில் எண்ணெய் உன் முகத்திலேயே தெறித்தது.

எண்ணெய்ப் பாதத்தோடு படியிறங்கி வழுக்கி, காலை முழங்காலுக்குக் கீழே ஒடித்துக்கொண்டபோதும் உன் வாய் அடங்கவில்லை. “ராசா மாதிரி கெடக்கேன்லே. கொட்டாவி விடணும்னாக்கூட அம்மைட்ட கேக்கணும்” என்றாய். ஆஸ்பத்திரியில் “காலை ஊன்றாதே” என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நம் வீடுகளில் அதற்கு அர்த்தம், விரலைக்கூட அசைக்காதே. அடிக்கடி கழிப்பறைக்குத் தூக்கிப் போகச் சொல்ல வெட்கப்பட்டு நீ தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொண்டாய்.

கட்டுப் பிரித்த அன்று உன் கெண்டைக்காலும் வீங்கியிருந்தது. அருவிக்கரைக் கூட்டாளிகள் அத்தனை பேரும் பாட்டிலோடு வந்துவிட்டார்கள். வலிக்கு அவர்களுக்குத் தெரிந்த மருந்து அது. பாசத்துக்கும் அதுதான். “ஊருக்கெல்லாம் நான் தேய்ச்சேன். இன்னைக்கு எனக்குத் தேய்க்கானுவ, பாருலே!” அவ்வளவு சந்தோஷமாக உன்னை நான் பார்த்ததில்லை. சாயங்காலம் மூச்சு முட்டியது. தென்காசி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. அசையாமல் கிடந்த காலில் ரத்தம் கட்டியிருந்தது, தேய்த்ததில் அது நகர்ந்து நுரையீரலை அடைத்திருக்கும் என்று பிறகு சொன்னார்கள். பிறகு!

அதன்பின் அண்ணாச்சி வீங்கிய காலைத் தொட்டதில்லை. “நான் சொல்லுதேன், தேய்யும்வே” என்று சண்டைக்கு வருகிறவரிடமும், “மொதல்ல டாக்டர்ட்ட காட்டிட்டு வாரும், பெறவு உச்சி வரைக்கும் தேய்க்கேன்” என்கிறார்.

கால் ஒடிந்து நானும் போனது உனக்குக் கட்டுப் போட்ட அதே ஆஸ்பத்திரிதான், நம் வசதிக்கு வேறு எது? கட்டுப் போட்ட அன்றே கேட்டேன், ரத்தம் கட்டாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று. டாக்டர் மளமளவென்று சொன்னார். விரல்களை ஆட்டு, முழங்காலை மடக்கி நீட்டு, தண்ணீர் நிறையக் குடி, ஊன்றுகோலோடு எழுந்து நட. ஆபத்து அதிகம் இருப்பவர்களுக்கு ஊசி போடுவோம், உனக்குத் தேவைப்படாது. கெண்டைக்கால் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே வா. ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை.

இன்று ஸ்கேனில் ரத்தக்கட்டி எதுவும் இல்லை. “ஏ மக்கா!” என்று வராந்தாவிலேயே கத்திய அண்ணாச்சி, மொத்தப் பாட்டிலையும் என் தலையில் கவிழ்த்துவிட்டார். “காலுக்கு இல்லாட்டா மண்டைக்கு வச்சுக்கோலே!” நர்ஸ் திட்டிக்கொண்டே சிரித்தார். நீ இருந்திருந்தால் அவருக்கும் கொஞ்சம் வைத்துவிட்டிருப்பாய்.

நெற்றியில் எண்ணெய் வழிய டாக்டர் முன்னால் போய் நின்றேன்.

“எனக்குச் சொன்னதை, இங்கயே கட்டுப் போட்ட என் கூட்டாளிக்கு யாரும் சொல்லல சார். அவனுக்குக் கேக்கத் தெரியல. கேட்டாத்தான் சொல்லுவீங்களா?”

அவர் மணியை அழுத்தினார். அடுத்த ஆளை உள்ளே கொண்டு வந்தார்கள். வந்தவர் காலில் ஈரம் காயாத புது மாவுக்கட்டு. நான் நகரவில்லை.

“இவருக்காவது சொல்லி அனுப்புங்க, சார்.”